யாரைக் கேட்டுக் கூட்டிப்போனேன் என்று கேட்டாய்

ரியாஸ்,

நேற்று முன்தினம் போனில் நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "யாரக் கேட்டும்மா முருகேசண்ணனத் தேனிக்குக் கூட்டிட்டுப் போனீக?" நான் பதில் சொல்வதற்குள் உன் பக்கத்தில் பலகை அறுக்கும் மிஷின் கிளம்பிவிட்டது. போனையும் வைத்துவிட்டாய். அதன்பிறகு நான் கூப்பிடும்போதெல்லாம் மலையில் டவர் இல்லை, அல்லது நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். கம்பத்திலிருந்து கட்டப்பனைக்கு ஜீப் ஓட்டுகிற நம் தெருக்காரரிடம் இதைக் கொடுத்துவிடப் போகிறேன். தேனி ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். முருகேசனின் மனைவி பாண்டியம்மா கீழே சாப்பிடப் போயிருக்கிறாள். அவளை அனுப்பிவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு, ஒரு இடத்தில் உட்கார்ந்து இதைப் படி.

நீ ரிசார்ட் வேலைக்காக மலைக்குக் கிளம்பிய அன்று காலையில் நடந்ததிலிருந்து சொல்கிறேன். அலமாரிச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் டீ கொண்டு வந்தேன். முருகேசன் உன் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றார். நீ நம் மரப்பட்டறையை எடுத்து நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து உன்னோடு இருக்கிறவர். மார்க்கையன்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து உனக்கு முன்னால் ஷட்டரைத் தூக்குகிறவர். வாய் திறந்து எதையும் கேட்டறியாத மனுஷன் அப்படி நின்றபோதே எனக்கு என்னவோ போலிருந்தது. "தம்பி, இடுப்புல இருந்து சுரீர்னு காலுக்கு இறங்குது. இடது காலு மரத்துப்போன மாதிரியே இருக்கு" என்றார். நீ ஒன்றும் கடுமையாகப் பேசிவிடவில்லை. அவர் தோளில் கைவைத்துத்தான் சொன்னாய். "எல்லாருக்கும் இருக்கிறதுதானண்ணே. மாத்திரையப் போட்டுக்கிட்டு மிச்சக் கதவுகள முடிச்சு அனுப்புங்க. நான் வந்ததும் லீவு எடுத்துக்கங்க." அவர் தலையை ஆட்டினார். நீ வண்டியில் ஏறிவிட்டாய். ரிசார்ட்காரன் தேதி சொல்லி நெருக்குகிறான் என்பது எனக்கும் தெரியும்.

நீ போன பிறகு பிளைவுட் லோடு வந்தது. எட்டடிக்கு நாலடிப் பலகைகள். மற்ற இரண்டு வேலையாட்களையும் நீ கூட்டிக்கொண்டு போய்விட்டாய். லோடு இறக்க வந்த ஆள் ரோட்டோரத்தில் சாத்திவைத்துவிட்டுப் போனான். முருகேசன் ஒவ்வொன்றாக முதுகில் சாய்த்து, கீழ் விளிம்பை ஒரு கையால் பிடித்து, உடம்பைத் திருகிக்கொண்டு நம் குறுகிய வாசலுக்குள் கொண்டுபோனார். "இன்னொரு ஆளு வரட்டும் முருகேசு" என்றேன். "மழ வந்தா பலக ஊதிரும்மா" என்றார். பலகை ஊதிவிடும் என்கிற கவலை அவருக்கு இருந்தது. எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துவிட்டுத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து கதவுகளை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார்.

மறுநாள் மதியம் தண்ணீர் கேட்டுப் பட்டறையிலிருந்து பக்கத்து நம் வீட்டு வாசலுக்கு வந்தார். வந்தவரின் ஒரு செருப்பு மரத்தூளுக்குள் கிடந்தது. ஒரு கால் வெறுங்காலாக அவர் வந்துகொண்டே இருந்தார். வெயிலில் சிமெண்டுத் தரை கொதிக்கிறது. "முருகேசு, செருப்ப விட்டுட்டு வர்றீங்க" என்றேன். குனிந்து காலைப் பார்த்தார். "அட, கழண்டது தெரியவே இல்லம்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அப்படிச் செருப்பு கழன்று விழுவதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். உன் அத்தாவின் காலிலிருந்து.

அத்தாவுக்கு நடந்ததை நீ அரைகுறையாகத்தான் அறிவாய். அப்போது நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை நேரம் என்று உன்னிடம் எதையும் முழுசாகச் சொல்லவில்லை. பிறகு நீ படிப்பை விட்டுப் பட்டறைக்கு வந்தபோது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டோம். இப்போது சொல்கிறேன். உன் அத்தா வாழ்நாளெல்லாம் தரையில் குந்தியிருந்தே வேலை செய்தார். கட்டையைக் கால் விரல்களால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்கு மேலே நெஞ்சு கவிழ இழைப்புளி தள்ளுவார். கலியாணம் ஆன புதிதிலேயே காலையில் அவரால் நேராக நிற்க முடியாது. பாத்ரூம் வரைக்கும் சுவரைத் தடவித் தடவிப் போவார். நான் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பேன். வெயில் ஏற ஏற நிமிர்ந்துவிடுவார். "மரவேலக்காரனுக்கு முதுகு வலிக்கலேன்னா அவன் வேல செய்யலேன்னு அர்த்தம்" என்பார். சொல்லிவிட்டுப் பெருமையாக என்னைப் பார்ப்பார். நானும் அதைப் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு வாழைத்தோட்டக்காரர் வீட்டுக்கு வேங்கை மரத்தில் வாசல் நிலை செய்தார். அதைத் தூக்கி நிறுத்தும்போது இடுப்பில் ஏதோ சடக்கென்றது. வாயுப் பிடிப்பு என்றார்கள். பெல்ட் கட்டினார். நீவிவிடுகிற ஒரு ஆள் வந்து முதுகில் ஏறி நின்று மிதித்தான். வலி குறைந்தது. வலி குறைந்ததும் நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதற்குப் பின்னால்தான் செருப்பு கழன்று விழ ஆரம்பித்தது. "உக்காந்தா பலக மேல பலகைய வச்ச மாதிரி இருக்கு, ஒண்ணுமே தெரியல" என்று ஒருநாள் சொன்னார். அடுத்த நாள் அவருக்குச் சிறுநீர் போகவில்லை. உடம்புச் சூடு என்று இளநீர் வெட்டிக் கொடுத்தோம். குடிக்கக் குடிக்க வயிறு பானை மாதிரி ஏறியது. தேனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது டாக்டர் தலையை அசைத்தார். "நரம்பு ரொம்ப நேரம் நசுங்கிக் கிடந்துருச்சும்மா" என்றார். ஆபரேஷன் செய்தார்கள். வலி போய்விட்டது. வலியோடு எல்லாமே போய்விட்டது. அன்றிலிருந்து அவர் கட்டிலிலும் நான் கட்டிலோரத்திலும் இருக்கிறோம். டியூப் மாற்றுவதும், புண் வராமல் புரட்டிப் போடுவதும், மலம் எடுப்பதும் எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டன. நீ பட்டறையிலிருந்து வரும்போது சாம்பிராணி வாசனை வருகிறதே, அது எதற்காக என்று நீ கேட்டதில்லை.

முருகேசனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போய் அத்தாவிடம் சொன்னேன். "நம்ம முருகேசுக்குச் செருப்பு நிக்க மாட்டேங்குது. தேனிக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன்" என்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "மகன்ட்டக் கேக்காம நீ எதுவும் செய்யாத. சரக்கு போகணும். வேல செய்றவனுக்கு வலி இருக்கத்தான் செய்யும்" என்றார். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷன் வாயிலிருந்து அதே பேச்சு வந்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர்மேல் கிடந்த போர்வையை விலக்கினேன். காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி இரண்டு கால்கள். "உங்களுக்கும் வலிதான இருந்துச்சு?" என்றேன். இத்தனை காலத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைத்துவிட்டேன். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஒண்ணுக்குப் போறானான்னு கேளு. உக்காருற எடத்துல உணர்ச்சி இருக்கான்னு கேளு. நானே எந்திரிச்சுப் போய்க் கேட்ருவேன். முடியலயே."

ஒரு பொம்பளை, அந்நிய ஆம்பளையிடம் போய் அதை எப்படிக் கேட்பது? பட்டறை வாசலில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கதவுக்குப் பக்கத்தில் குந்தியிருக்காமல் முழங்காலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். உட்கார முடியவில்லை போல. வேறு வழியில்லாமல் தரையைப் பார்த்துக் கேட்டேன். "முருகேசு, தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" அவர் முகம் கறுத்துப்போனது. கையிலிருந்த உப்புத்தாளை மடித்தார், பிரித்தார். "காலையில இருந்து வரலம்மா. முக்குனாலும் வரல. வெயிலுன்னு நெனச்சேன்" என்றார். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. உன் மாமியைக் கூப்பிட்டு அத்தா பக்கத்தில் உட்கார வைத்தேன். கார் பிடித்தேன். பின் சீட்டில் அவரைப் படுக்க வைத்தபோது அவர் சொன்னதெல்லாம், "அந்தக் கதவுக்கு இன்னொரு கை தேய்க்கணும்மா. தம்பி வைவாரு." உத்தமபாளையம் தாண்டுகிறவரைக்கும் கதவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். சின்னமனூரில் பேச்சு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

பாண்டியம்மா திராட்சைத் தோட்டத்து வேலையிலிருந்து நேராக வந்தாள். பந்தலுக்கு அடியில் அண்ணாந்து கையைத் தூக்கியே நாள்முழுதும் கொடி கட்டுகிறவள். அவளுக்குக் கழுத்து திரும்பாது. உடம்போடுதான் திரும்பிப் பார்ப்பாள். ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர், தண்டுவடத்துக்குக் கீழே நரம்புக் கத்தையை ஒரு ஜவ்வு பிதுங்கி வந்து நசுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவை வாங்கிக்கொண்டு அவள் உடம்போடு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்க வீட்டு வேலைக்குத்தான் வந்தாக. நல்லா நடந்துதான் வந்தாக" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. நடந்ததை எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள். ரியாஸ், உன்னிடம் பதில் இருந்தால் வந்து அவளிடம் சொல்.

ஆபரேஷன் முடிந்தது. இன்று காலையில் டியூபை எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவருக்குத் தானாகவே சிறுநீர் போனது. பாண்டியம்மா வராண்டாவுக்கு ஓடிவந்து, "போயிட்டாகம்மா, போயிட்டாக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள், ஆள்தான் போய்விட்டதாக நினைத்து எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதற்கு அழுதோம். உலகத்தில் அதற்காக அழத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் இடது பாதம் எழும்பவில்லை. தூக்குங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முயற்சி செய்கிறார். நெற்றி நரம்பு புடைக்கிறது. பாதம் தொங்கியே கிடக்கிறது. "காலுக்கு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா, பொறுத்துத்தான் பாக்கணும். ஆனா இனிமே கனம் தூக்குற வேலையும் தரையில உக்காருற வேலையும் வேணாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் முருகேசன் என்னைப் பார்த்தார். "அப்ப தம்பிட்ட எனக்கு என்ன வேல இருக்கும்மா?" என்றார். அந்தக் கேள்வியையும் உன்னிடமே அனுப்புகிறேன்.

கால் இடுப்புக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். "இவர் எப்படி உக்காந்து வேல செய்வாருன்னு சொல்லுங்கம்மா" என்றாள். சொல்லத் தெரியாமல் நான் வார்டு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து காட்டினேன். இப்படித்தான் குந்துவார், இப்படித்தான் கவிழ்வார், இந்தக் கையால் தேய்ப்பார், பலகையை இப்படித்தான் முதுகில் சாய்ப்பார் என்று காட்டினேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?" என்றாள். "சோறு திங்கிற நேரம் போக" என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பிறகு எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. நாற்காலிக் கால்களுக்கு உப்புத்தாள் போட்டுப் போட்டு என் முழங்காலும் தேய்ந்துதானே கிடக்கிறது. பாண்டியம்மாதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். கழுத்துத் திரும்பாத அவள் முழங்கால் மடங்காத என்னைத் தூக்க, நாங்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "வேலைய இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்கணும்மா. இடுப்பு வேலையத் தேடி இறங்கக் கூடாது."

இவ்வளவுதானே ரியாஸ்? ஒரு மேஜை. நாம் மேஜை செய்கிறவர்கள். ஊரில் எத்தனை கலியாணப் பெண்களுக்கு மேஜையும் நாற்காலியும் கட்டிலும் செய்து அனுப்பியிருக்கிறோம். டாக்டர்கள் உட்காருகிற நாற்காலிகூட நம் மாதிரி ஒரு பட்டறையில் எவனோ தரையில் குந்திச் செய்ததாகத்தான் இருக்கும். நம் பட்டறையில் வேலைசெய்ய ஒரு மேஜை இல்லை. இடம் அடைக்கும் என்று நீயே ஒருமுறை சொன்னாய். இடம் அடைக்கட்டும். எல்லாருக்கும் இடுப்பு உயரத்துக்கு மேஜை போடு. பலகையை இரண்டு பேர் இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்று சொல். சக்கரம் வைத்த வண்டி ஒன்று செய். அது உனக்கு அரை நாள் வேலை. வாசலை இடித்து அகலமாக்கு. இதையெல்லாம் செய்தால் உன் அத்தா எழுந்து நடந்துவிடப் போவதில்லை. முருகேசன் பாதம் தூக்கப் போவதுமில்லை. அந்தப் பொய்யை நான் உனக்குச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. "எல்லாருக்கும் இருக்கிறதுதானண்ணே" என்று நீ சொன்னபோது அந்த எல்லாருக்குள்ளும் நீ இருந்தாய் என்று எனக்குத் தெரியும். போன ரமலானில் நீ வீட்டில் தொழுதுகொண்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்து எழும்போது முழங்காலில் கையூன்றி, ஒரு நொடி நின்று, பிறகுதான் நிமிர்ந்தாய். பேன்ட்டைச் சுவரில் சாய்ந்துதான் போடுகிறாய். மெத்தையை விட்டுவிட்டு வெறும் டைல்ஸில் படுக்கிறாய். துவைக்கப் போட்ட உன் சட்டைப் பையிலிருந்து நான் வலி மாத்திரை அட்டைகளை எடுத்து எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். மகன் மறைக்கிறான், நாமும் தெரியாத மாதிரி இருப்போம் என்றிருந்தேன். இனி அப்படி இருக்கமாட்டேன். உனக்கு முப்பது வயதுதான் ஆகிறது. எனக்கு இன்னொரு கட்டிலோரத்தில் உட்கார உடம்பில் தெம்பில்லை.

டாக்டரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வரச் சொல்லுங்கள், பார்க்கிறேன் என்றார். ரிசார்ட்காரன் கேட்டால் அம்மா கூப்பிட்டாள் என்று சொல். மலை இறக்கத்தில் பைக் ஓட்டாதே. குமுளி வந்து பஸ் ஏறு. முருகேசனைப் பார்க்கப் போகிறோமே என்று பழப்பையைச் சுமந்துகொண்டு வராதே. டூல் பெட்டியை அங்கேயே வைத்துவிடு. எதையும் தூக்காமல் வெறுங்கையோடு வா.

அம்மா